கிண்டக் கூடாத கறி

நான் இப்போது வேலை செய்கிற சமையற்கட்டில் மீன் இல்லை. இறைச்சி இல்லை. முட்டை, பால் ஒன்றும் இல்லை. ஆனால் சாப்பாடு பிலிப்பினோச் சாப்பாடு. கனடாவில், ஸ்காபரோவில் சின்னக் கடை. எட்டு மேசை.

வயதான பிலிப்பினோ அன்ரிமார் உள்ளே வந்து பலகையைப் படிப்பார்கள். மீன் சோஸ் இல்லாமல் எப்படி என்று கேட்பார்கள். சிலர் திரும்பிப் போவார்கள். சிலர் இருந்து சாப்பிடுவார்கள். அவர்களுடைய பிள்ளைகள்தான் அதிகம் வருகிறவர்கள். இங்கே பிறந்ததுகள். இறைச்சியை விட்டதுகள். அதோடு வீட்டுச் சாப்பாடும் விட்டுப்போயிற்று அதுகளுக்கு. பலாக்காய் அடோபோக் கறியை ஒரு வாய் வைத்துவிட்டுப் பேசாமல் இருப்பார்கள். போன கிழமை ஒரு பெடியன் கண்ணைத் துடைத்தான். மிளகாய் கூடிப்போச்சோ என்று கேட்டேன். இல்லை என்றான்.

இதையெல்லாம் எங்கே படித்தாய் என்று கேட்பார்கள். வீட்டில் என்பேன். அதற்கு மேல் சொல்ல வெளிக்கிட்டால் கறி அடிப்பிடித்துவிடும். இன்றைக்குத் திங்கட்கிழமை. கடை பூட்டு. அதனால் எழுதுகிறேன்.

அப்பா மட்டக்களப்பு. அம்மா பிலிப்பைன்ஸில் பிக்கோல் என்கிற பக்கம். அம்மா ரொறன்ரோவுக்கு வந்தது பிறத்தியாரின் பிள்ளைகளைப் பார்க்கிற வேலைக்கு. அந்த வீட்டில் ஐந்து வருசம் மக்கரோனியும் சீஸும் ஆக்கிப் போட்டதில் தன் ஊர்ச் சமையல் பாதி மறந்துபோயிற்றாம். கலியாணம் முடித்த கிழமை அப்பா கேட்டிருக்கிறார், "உங்கட ஊரில என்ன சாப்பிடுவீங்கள்?" இந்த நாட்டில் தன்னிடம் அதைக் கேட்ட முதல் ஆள் அப்பாதான் என்று அம்மா சொல்லுவார். உடனே மிசிசாகாவில் இருக்கிற தன் அக்காவுக்குப் போன் எடுத்துக் கேட்டுக் கேட்டு லாயிங் செய்தார்.

லாயிங் என்றால் பெரிய விசயம் இல்லை. காய்ந்த சேம்பிலை, தேங்காய்ப்பால், இஞ்சி, பச்சை மிளகாய். அவர்கள் அதில் இறால் விழுதும் போடுவார்கள். அப்பா ஒரு சட்டி சோற்றை அதோடு முடித்துவிட்டு, "இது எங்கட ஊர்க் கறியெல்லோ, உங்களுக்கு ஆர் சொல்லித் தந்தது?" என்றாராம்.

லாயிங்குக்கு ஒரு சட்டம் உண்டு. இலை பாலை முழுக்கக் குடித்து முடியும்வரை கரண்டி போடக் கூடாது. கிண்டினால் இலை நாக்கை அரிக்கும். மூடி போட்டு, நெருப்பைக் குறைத்து, பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் லாயிங் வைக்கிற நாளில் மேசையில் ஒரு போத்தல் இருக்கும். இறால் விழுது. அம்மா என் தட்டின் ஓரத்தில் கொஞ்சம் வைப்பார். நான் தொட்டுத் தொட்டுத் தின்பேன். அப்பா சாப்பிட இருக்கும்போது அந்தப் போத்தலைக் கையால் பிடித்து நகர்த்துவார். எனக்கு அது நல்ல ஞாபகம். அதனால் அப்பாவும் அதைத் தின்கிறார் என்று நினைத்திருந்தேன். அவருடைய தட்டை நான் பார்த்ததில்லை. பிள்ளைகள் தங்கள் தட்டைத்தான் பார்ப்பார்கள்.

எனக்கு எட்டு வயதில் அப்பா செத்துப்போனார். மாரடைப்பு. காலையில் வேலைக்குப் போனவர் வரவில்லை.

அப்பாவின் அக்கா, என் மாமி, ஸ்காபரோவின் கிழக்கு ஓரத்தில் ரூஜில் இருந்தார். புது வீடு. மாமாவும் அவரும்தான். மாமி அம்மாவோடு நேரே கதைக்கமாட்டார். தம்பி தன்னைக் கேட்காமல் முடித்த கலியாணம் என்று கோபம். கதைக்க வேண்டி வந்தால் என்னை நடுவில் நிறுத்துவார். அம்மா எதிரில் நின்றாலும், "மகள், அம்மாட்டக் கேள், தேத்தண்ணி குடிக்கிறாவோ எண்டு" என்பார். அம்மாவும் விடமாட்டார். "அனாக், மாமிக்குச் சொல்லு, வேண்டாம்" என்பார். அனாக் என்றால் அம்மாவின் பாசையில் பிள்ளை. இரண்டு பேரும் தமிழில்தான் கதைத்தார்கள். நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. தலையை மட்டும் அங்கும் இங்கும் திருப்பினால் போதும்.

வருசம் முடிந்து ஆட்டைத் திவசம் வந்தது. மாமி தன் வீட்டில் செய்வதாக முடிவெடுத்தார். ஐயர், வாழையிலை, ஆட்களுக்குச் சொல்வது எல்லாம் மாமி பார்த்தார். அம்மா வந்து நின்றால் போதும் என்று எனக்குச் சொல்லப்பட்டது.

அதைச் சொன்ன அன்றைக்குத்தான் அம்மா ஒன்று கேட்டார். மாமி வீட்டுக் குசினி வாசலில் நின்று கேட்டார். உள்ளே போகவில்லை.

"அனாக், மாமிக்குச் சொல்லு. அவற்ற இலையில லாயிங் வைக்க வேணும். நான் செய்யிறன்."

மாமி என்னைப் பார்த்தார். "சொல்லு, திவசத்தில நண்டு, இறால் படைக்கிறேல்லை எண்டு."

"சொல்லு, நண்டு இல்லை. இறால் இல்லை. மீன் இல்லை. உள்ளி, வெங்காயமும் போட மாட்டன்."

"அப்ப அதில என்னதான் கிடக்கு?"

"இலை இருக்கு" என்றார் அம்மா.

சோபாவில் இருந்த மாமா சிரித்துவிட்டார். பிறகு இருமினார்.

மாமி கன நேரம் காய் வெட்டினார். வெட்டி முடித்துவிட்டுச் சொன்னார். "கராஜ் அடுப்பில செய்யட்டும். குளிச்சுப்போட்டுச் செய்ய வேணும். உப்புப் பார்க்கக் கூடாது. அதைச் சொல்லு."

ரூஜில் வீடு வாங்கின எங்கள் ஆட்கள் கராஜில் இன்னொரு அடுப்பு வைத்திருப்பார்கள். வீட்டுக்குள் மணக்கக் கூடாத பொரியல் எல்லாம் அங்கேதான். அம்மாவை அங்கே விட்டது எனக்குப் பிடிக்கவில்லை. அம்மா தலையாட்டினார். அவருக்குக் கஷ்டமாக இருந்தது மற்றது. படைக்கிற சாப்பாட்டைப் படைக்கும்வரை ஒருவரும் வாயில் வைக்கக் கூடாது. கண் அளவில்தான் உப்புப் போட வேண்டும். அம்மா ஒரு கறிக்குப் பத்துத் தரம் ருசி பார்க்கிற ஆள். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிவிட்டுக் கண்ணை மூடி யோசிப்பார்.

நான் வேறு கணக்குப் போட்டேன். இறால் இல்லை என்று அம்மா சொன்னது மாமிக்குப் பயந்து. மாமிக்காக அப்பாவின் கறியைப் பாதிக் கறியாக்கப் போகிறார். அப்பா ஒரு வருசம் சாப்பிடாமல் இருக்கிறார். வருகிற அன்றைக்குப் பாதிக் கறியா?

திவசத்துக்கு முதல் நாள் பின்னேரம் குளிர்ப்பெட்டியில் இருந்த போத்தலை எடுத்து, ஒரு காலுறைக்குள் விட்டு, பள்ளிக்கூடப் பையின் அடியில் வைத்தேன்.

கார்த்திகை மாதம். சனிக்கிழமை. கராஜில் மூச்சு விட்டால் புகை வந்தது. அம்மா சீலைக்கு மேல் குளிர் ஜக்கெற் போட்டுக்கொண்டு, கவிழ்த்த பெயின்ற் வாளியில் இருந்து சமைத்தார். பக்கத்தில் மாமாவின் காருக்குப் பனிக்காலத்தில் பூட்டுகிற சில்லுகள் அடுக்கியிருந்தன. தன் அக்கா ஊரிலிருந்து எடுப்பித்துக் கொடுத்த இலையை அம்மா பிய்த்துப் போட்டார். பால் விட்டார். சீனக் கடையில் வாங்கின கறுப்பு அவரை, உப்பில் புளிக்க வைத்தது, அதைக் கசக்கிப் போட்டார். கையைப் பழக்கத்தில் வாயடிக்குக் கொண்டுபோனார். நிறுத்தினார். ஜக்கெற்றில் துடைத்தார். மூடினார்.

வீட்டுக்குள்ளிருந்து மாமியின் குரல் கேட்டது. "மகள், அம்மாவை வரச் சொல்லு. படத்துக்கு மாலை போட வேணும்."

"பார்த்துக்கொள்" என்றார் அம்மா. "திறக்க வேண்டாம்."

அவர் போனதும் திறந்தேன்.

கரண்டி நுனியில் எடுத்து வாயில் வைத்தேன். அப்பாவின் திவசத்தில் முதலில் சாப்பிட்ட ஆள் நான். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் நினைத்தது சரி. பாதிதான் இருந்தது. போத்தலை எடுத்தேன். மூன்று கரண்டி போட்டேன். அது மேலேயே கட்டியாக நின்றது. அப்படியே விட்டால் மாமி கண்டுவிடுவார். அதனால் கிண்டினேன். அடியிலிருந்து மேலே வரும்படி நன்றாகக் கிண்டினேன். மூடினேன். காலுறையைப் பைக்குள் வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் நாக்கு அரிக்கத் தொடங்கியது. பிறகு சொண்டு. பிறகு தொண்டை. சட்டைக் கையால் நாக்கைத் தேய்த்தேன். கூடியதே தவிரக் குறையவில்லை.

அம்மா கதவைத் திறந்தவர் அங்கேயே நின்றார். மூக்கால் ஒரு மூச்சு எடுத்தார். பிறகு வந்து மூடியைத் தூக்கினார். உள்ளே பச்சைக் கூழ். என்னைப் பார்த்தார். நான் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். அம்மா அடுப்பை நிற்பாட்டிவிட்டு வாளியில் இருந்தார்.

"ஏன் அனாக்?"

"அப்பாவுக்கு."

"அப்பா இது சாப்பிடாது" என்றார் அம்மா.

"சாப்பிடுவார். நான் பார்த்தனான். போத்தலைப் பிடிப்பார்."

"பிடிப்பார். தள்ளி வைக்க."

அம்மா எழும்பி, சீலையை இழுத்துவிட்டு, உள்ளே போனார். நான் பின்னால் போனேன். வீட்டில் பதினைந்து, இருபது பேர் இருந்தார்கள். ஐயர் தர்ப்பையைப் பிரித்துக்கொண்டு இருந்தார். அப்பாவின் படத்துக்கு முன் இலை போட்டாயிற்று. பதினொரு கறி ஒரு பக்கம் வரிசையாக நின்றது.

அம்மா முதல்முறையாகக் குசினிக்குள் கால் வைத்தார். முதல்முறையாக என்னை நடுவில் நிறுத்தாமல் கதைத்தார்.

"அக்கா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. என்ர கறி பிழைச்சுப் போச்சு. வைக்க வேண்டாம்."

மாமி திரும்பினார். "என்ன பிழை?"

"நான் பிழை விட்டன்."

ஒரு வருசமாக அம்மா கேட்டது அந்த ஒன்றுதான். அதை அவரே வேண்டாம் என்று நின்றது எனக்கு நாக்கை விட வேறு எங்கோ அரித்தது.

மாமி கராஜுக்கு நடந்தார். நாங்கள் பின்னால். மூடியைத் திறந்தார். ஒரு அடி பின்னுக்கு வந்தார். மட்டக்களப்பில் வளர்ந்தவருக்கு அந்த மணத்தைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

"இறால்" என்றார்.

"நான்தான் போட்டன் அக்கா" என்றார் அம்மா.

மாமி அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் நாக்கைப் பல்லால் சுரண்டிக்கொண்டு நின்றேன்.

"நீட்டு நாக்கை."

நீட்டினேன். சிவந்து கிடந்திருக்க வேண்டும்.

"உன்ர அம்மா பொய் சொல்லவும் பழகேல்லை" என்றார் மாமி. பிறகு குனிந்து என் முகத்துக்கு நேரே வந்து சொன்னார். "மகள், உன்ர அப்பன்ர இலையில கடல் வைக்கக் கூடாது. திவசம் எண்டதுக்காக இல்லை. எங்கட கடைசித் தம்பியைக் கடல்தான் கொண்டு போனது. சுனாமி. உடம்பும் கிடைக்கேல்லை. அண்டையில இருந்து நான் கடல்ல இருந்து வாற ஒண்டும் வாயில வைக்கிறேல்லை. உன்ர அப்பனும் அப்பிடித்தான் எண்டு போனில சத்தியம் பண்ணினவன்."

அந்தச் சித்தப்பாவை எனக்குப் படமாகத் தெரியும். மட்டக்களப்புக் கல்லடியில் சைக்கிளோடு நிற்கிற படம். மாமி வீட்டில் ஏன் ஒருநாளும் மீன் இல்லை என்று நான் யோசித்ததே இல்லை.

மாமி நிமிர்ந்து, பானையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "சத்தியத்தைக் காப்பாத்தினானோ ஆருக்குத் தெரியும். இறால் அவியிற வீடு."

நான் தலையை அம்மா பக்கம் திருப்பினேன். அவர் எனக்குச் சொல்லவில்லை. மாமிக்கே சொன்னார்.

"காப்பாத்தினவர் அக்கா. சாகுமட்டும், அஞ்சு வருசம். நான் இறால் போடுறேல்லை, மீன் சோஸ் போடுறேல்லை. கடல் பாசியும் போடுறேல்லை. அவர் சொன்னவர், அதுவும் கடல். அப்ப நான் எல்லாம் புதுசாப் பழகினனான். ஊரில கேட்டால் சிரிப்பினம். கறுப்பு அவரை போடுறன், காளான் போடுறன். அந்தப் போத்தல் எனக்கு. பிள்ளைக்கு. அவர் கோபிக்கேல்லை. கொஞ்சம் தள்ளி வைப்பார். அவ்வளவுதான்."

உள்ளே ஆரோ சிரித்தார்கள். கோப்பை கழுவுகிற சத்தம் கேட்டது.

மாமி கேட்டார். "இன்னும் இலை கிடக்கோ?"

"ஒரு பை இருக்கு. ஆனா அக்கா, ஒண்டரை மணித்தியாலம் வேணும். நெருப்புக் கூட்டேலாது."

மாமி அந்தப் பையை எடுத்தார். தேங்காய்ப்பால் ரின்னையும் எடுத்தார். "உள்ளுக்கு வா கா" என்றார்.

மாமி தன் ஊர்ப் பெண்களை மட்டும்தான் கா போட்டுக் கூப்பிடுவார். கதவடியில் மாமா வந்து நின்றார். அவர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு வழி விட்டு ஒதுங்கினார்.

ஐயருக்கு அதற்குப் பிறகு மார்க்கம் நகரில் இன்னொரு வீட்டுத் திவசம் இருந்தது.

"அம்மா, உச்சிக்குள்ள முடிக்க வேணும். நேரம் போகுது" என்றார் மாமியிடம்.

"ஒரு கறி வர வேணும் ஐயா."

"பதினொரு கறி நிக்குதே. இனி என்ன கறி?"

"அவன்ர மனிசி வைக்கிற கறி. அவன் ஒரு வருசம் இருந்திட்டான். நீங்கள் ஒண்டரை மணித்தியாலம் இருங்கோ. கோப்பி போட்டுத் தாறன்."

ஐயர் மணிக்கூட்டைப் பார்த்தார். போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

"எனக்குப் பசிக்குது" என்றார் மாமா.

"செத்தவனுக்கும் பசிக்குது. போய் இருங்கோ" என்றார் மாமி.

மாமி எனக்கு ஒரு துண்டு பனங்கட்டி தந்து, வாயில் அடக்கச் சொல்லி, குசினி மூலையில் இருத்தினார். கதைக்கக் கூடாது என்றார். அதைத் தண்டனை என்று நினைத்தேன். நல்ல தண்டனை. அங்கிருந்து எல்லாம் தெரிந்தது.

நல்ல அடுப்பு, நடு அடுப்பு, அதில் அம்மா பானை வைத்தார். மாமி சாம்பாரை இறக்கி இடம் கொடுத்தார். இலை போட்டு, பால் விட்டு, கறுப்பு அவரையும் போட்டு, மூடினார்கள். பிறகு இரண்டு பேரும் கதிரை போட்டு அடுப்புக்கு முன் இருந்தார்கள். வேறு வேலை இல்லை.

பத்து நிமிசம் போயிருக்கும். மாமிக்கு இருக்க முடியவில்லை.

"பிடிக்கிற மாதிரிக் கிடக்கு. ஒருக்காப் பிரட்டி விடட்டே?"

"வேண்டாம் அக்கா."

"அடியில பிடிச்சால்?"

"பிடிக்காது."

"என்ர வீட்டில என்ர பானையை நான் தொடக் கூடாது" என்றார் மாமி, சுவரைப் பார்த்து.

இன்னும் கொஞ்ச நேரம் போனது. அம்மா மூடியை மெல்ல உயர்த்தி, ஒரு சொட்டுப் பாலை உள்ளங்கையில் விட்டார்.

"வாயில வைக்காத" என்றார் மாமி.

அம்மா எழும்பிக் கையைக் கழுவினார். திரும்ப வந்து இருந்தார். அதற்குப் பிறகு ஒருவரை ஒருவர் காவல் காத்தார்கள்.

மாமி மேசையில் கிடந்த அவரை ஒன்றை எடுத்து நசுக்கி மணந்தார். "மாசி மாதிரிக் கிடக்கு" என்றார். அம்மாவுக்கு மாசி என்றால் என்ன என்று தெரியவில்லை. ஊரில் சம்பலுக்குப் போடுகிற காய்ந்த மீன் என்று மாமி கையால் இடித்துக் காட்டினார். அம்மா சிரித்தார். "ஓம், அப்பிடித்தான் நினைச்சுப் போட்டது" என்றார்.

பிறகு மாமி கேட்டார். "வேற என்ன செய்து குடுத்தனி அவனுக்கு?"

அம்மா சொல்லத் தொடங்கினார். பலாக்காயில் அடோபோ, வினாகிரி விட்டு. அப்பா அதற்கு இன்னும் மிளகு கேட்பார். கோவா, கரட் வெட்டிப் போட்ட நூடில்ஸ், பிறந்தநாளைக்கு. வேர்க்கடலைக் குழம்பில் கத்தரிக்காயும் வாழைப்பூவும். பாகற்காயை ரோஃபு என்கிற சோயாக் கட்டியோடு. தேங்காய்ப்பாலில் பூசணி.

"பூசணி திண்டவனோ? சின்னனில எறிவான்."

"தின்பார். இரண்டு தரம் கேட்பார்."

"பொய்."

"உண்மை அக்கா. பிள்ளையைக் கேளுங்கோ."

மாமி என்னைக் கேட்கவில்லை. அவர் ஒவ்வொன்றாக அம்மாவையே கேட்டார். வேலைக்கு என்ன கட்டிக் கொடுத்தாய். வெள்ளிக்கிழமை என்ன. காய்ச்சல் வந்தால் என்ன குடிப்பான். அம்மா யோசித்து யோசித்துச் சொன்னார். தமிழ் வராத இடத்தில் கையால் காட்டினார். மாமி எழும்பி முகம் கழுவிவிட்டு வந்து, அடுத்ததைக் கேட்டார். எனக்கு அலுத்துப்போனது. ஒரு ஆள் என்ன சாப்பிட்டார் என்று இவ்வளவு நேரம் கேட்பார்களா என்று நினைத்துக்கொண்டு பனங்கட்டியை உறிஞ்சினேன்.

அதற்குப் பிறகுதான், பள்ளிக்கூடம் விட்டால் நான் மாமி வீட்டுக்குப் போகத் தொடங்கினது. தமிழ் எழுதப் பழகினதும் அங்கேதான். பள்ளிப் படிப்பு பதினோராம் வகுப்போடு நின்றுவிட்டது. இந்தத் தமிழ் மட்டும் என்னோடு தங்கிவிட்டது.

இலை பாலைக் குடித்து முடித்தது. அம்மா மூடியைத் திறந்து, கரண்டியை மாமியிடம் நீட்டினார். "இப்ப கிண்டலாம்" என்றார். மாமி ஒரே ஒரு தரம் பிரட்டினார்.

ஐயர் மந்திரம் சொல்ல, மாமி தன் கையால் அதை அப்பாவின் இலையில் வைத்தார். சோற்றுக்குப் பக்கத்தில், பருப்புக்கும் முன்னால். ருசி பார்க்காத கறி. உப்புச் சரியோ பிழையோ ஒருவருக்கும் தெரியாது. அம்மா படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐயர் தட்சணையை வாங்கிக்கொண்டு, சாப்பிடாமலே மார்க்கத்துக்கு ஓடினார்.

ஆட்கள் சாப்பிட முன்னம் காகத்துக்கு வைக்க வேண்டும். மாமி ஒரு சின்ன இலையில் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து, பின்வளவில் பலகைத் தளத்தில் வைத்தார். நாங்கள் கண்ணாடிக் கதவடியில் நின்றோம். காற்று அடித்தது. காகம் வரவில்லை. மாமா கா கா என்று கூப்பிட்டுப் பார்த்தார். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"காகமெல்லாம் ஃபுளோரிடாவுக்குப் போயிட்டுது போல. நாங்கள் சாப்பிடுவம்" என்றார் மாமா.

"வாயை மூடுங்கோ."

பிறகு ஒரு பறவை வந்து இறங்கியது. பெரிய வெள்ளைப் பறவை, சாம்பல் செட்டை. கடைத்தெருக் கார்ப் பார்க்கிலே உருளைக்கிழங்குப் பொரியல் பொறுக்குகிற கடற்பறவை. ஏரிப் பக்கமிருந்து வரும். அது வடையை ஒதுக்கியது. பாயசத்தை மிதித்தது. லாயிங்கை ஒரு கொத்துக் கொத்திப் பார்த்தது. பிறகு அதையே தின்னத் தொடங்கியது.

எனக்குக் கோபம் வந்தது. அவ்வளவு நேரம் காத்திருந்து செய்த கறி. கதவைத் தள்ளிக்கொண்டு கலைக்க ஓடினேன். மாமி என் கையை எட்டிப் பிடித்தார். இறுக்கமான பிடி.

"அது காகமில்லை மாமி. அது கடல்ல இருக்கிற பறவை."

"தெரியும். விடு மகள், ஆறுதலாத் தின்னட்டும்."

அது தின்று முடியும்வரை என் கையை விடவில்லை. மாமியின் கண்ணால் தண்ணீர் வடிந்தது. அம்மா வந்து மாமியின் மற்றப் பக்கத்தில் நின்றார். மாமி வாய்க்குள் ஒரு பெயர் சொன்னார், அது அப்பாவின் பெயர் இல்லை. உள்ளே ஆட்கள் பசியோடு பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

தெரியும் என்று சும்மா சொல்கிறார், மாமிக்குக் கண் பிழை, கண்ணாடி மாற்ற வேண்டும் என்றுதான் நான் அன்றைக்கு நினைத்தேன். கறுப்புக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் தெரியாத ஆள் எப்படிக் கார் ஓட்டுகிறார் என்றும் யோசித்தேன்.